ஷெவர்லே டிரக்கும் பத்தாம் நம்பர் ராடும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கற வழக்கமான பொய்யை இந்தத் தடவை சொல்லப் போறதில்லை. உண்மை என்னன்னா, கிட்டத்தட்ட ரெண்டு வருஷமா என்னோட சனிக்கிழமையெல்லாம் ஒரு பழைய டிரக்குக்கு அடியில மல்லாக்கப் படுத்தே போயிருச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சுய அறிமுகம். அடியேன் மெக்கானிக்கல் இன்ஜினியர். சிரிக்காதீங்க, பட்டம் இருக்கு, அதுவும் முதல் வகுப்பு. படிச்சு முடிக்கறதுக்குள்ளயே கேம்பஸ்ல ஒரு மென்பொருள் கம்பெனி வந்து பாதி வகுப்பை அள்ளிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் நான் தொட்ட ஒரே இயந்திரம் ஆபீஸ் காபி மிஷின்தான். அது ரிப்பேர் ஆனாக்கூட டிக்கெட்தான் போடுவேன் :-)

இன்னொண்ணும் சொல்லணும். எங்கப்பா நாமக்கல்ல ஒரு லாரி பாடி கட்டுற பட்டறையில வெல்டர். முப்பது வருஷத்துக்கு மேல ராடு பிடிச்ச கை. காலேஜ்ல யாராச்சும் "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டா, "லாரி லைன்ல இருக்கார்"னு சொல்லுவேன். கேக்கறவங்க லாரி ஓனர்னு நினைச்சுக்குவாங்க. நானும் திருத்த மாட்டேன். பொய் சொல்லலையே, அவங்களா நினைச்சா நான் என்ன பண்ணட்டும்னு ஒரு சமாதானம் வேற.

2023-ல மிச்சிகன் வந்தேன். டெட்ராய்ட் புறநகர்ல வாடகை வீடு. பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். பேர் வேண்டாம், பெரியவர்னே வச்சுக்குவோம். வயசு 76. கார் பாகங்கள் அடிக்கற அச்சு செய்யுற டூல் அண்ட் டை வேலையில 38 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. அக்டோபர்ல ஒருநாள் குப்பைத் தொட்டியை வெளிய வைக்கப் போனப்ப அவரோட கேரேஜ் கதவு திறந்திருந்தது. உள்ள தார்ப்பாயை விலக்கிட்டு நின்னுட்டிருந்தார். தார்ப்பாய்க்கு அடியில 1969 மாடல் ஷெவர்லே சி10 பிக்கப்.

1977-ல செகண்ட் ஹேண்டா வாங்கினாராம். மரம், செங்கல், பொண்ணோட கல்யாணச் சாமான்னு எல்லாம் சுமந்துட்டு 1998-ல ஓய்ஞ்சு உக்காந்த வண்டி. ஆறு சிலிண்டர், 250 கன அங்குலம், நம்ம கணக்குல 4.1 லிட்டர். கியர் ஸ்டியரிங் பக்கத்துல. அம்பாசிடர்ல இருக்குமே, அதே மாதிரி கை கியர், ஆனா மூணே மூணு. மிச்சிகன் குளிருக்கு ரோட்டுல உப்பு கொட்டுவாங்க இல்லையா, அந்த உப்பு கதவுக்குக் கீழ இருக்கற தகட்டையெல்லாம் தின்னு முடிச்சிருந்தது. சேஸிஸ் மட்டும் தப்பிச்சிருந்தது.

"உனக்கு வெல்டிங் தெரியுமா?"ன்னார்.

"நான் மெக்கானிக்கல் இன்ஜினியர்."

"நான் அதைக் கேக்கலை."

அப்பதான் அவர் கையைப் பாத்தேன். காபி கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தார். அப்பவும் காபி ஆடிச்சு. அந்தக் கையால இனிமே வெல்டிங் வைக்க முடியாது. இடுப்பு எலும்புல ஆபரேஷன் ஆனதால உயரமான வண்டியில கால் தூக்கி ஏறவும் முடியாது. அவருக்கு ஒரே ஒரு ஆசை. டிரக்கை நாலு இஞ்ச் இறக்கி, பேத்தியைப் பக்கத்துல உக்கார வச்சு, உட்வர்ட் அவென்யூல ஒரு ரவுண்டு போகணும். உட்வர்ட்ல ஆகஸ்ட் மாசம் மூணாவது சனிக்கிழமை பழைய வண்டிகளோட திருவிழா நடக்கும். 1995-ல ஃபெர்ண்டேல்ங்கற ஊர்ல ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பிச்சது, இப்ப ஊரே கூடற தேர்த் திருவிழா மாதிரி ஆயிருச்சு.

பேச்சுவாக்குல "உங்கப்பா என்ன வேலை?"ன்னு அவரும் கேட்டார். பழக்க தோஷம். "லாரி லைன்ல இருந்தார்"னு சொல்லிட்டேன்.

வேலை ஆரம்பிச்சதும் அவர் போட்ட முதல் சட்டம்: எதை வாங்கணும், எதைச் செய்யணும்னு பிரிச்சுக்கோ. முன்பக்கம் சக்கரம் மாட்டுற ஸ்பிண்டில், டிஸ்க் பிரேக் எல்லாம் காசு குடுத்து வாங்கிடணும். ஒடைஞ்சா ஸ்டியரிங் போயிரும், அதெல்லாம் கேரேஜ்ல செய்யற பொருள் இல்லை. சி10-க்கு முன்பக்க டிஸ்க் பிரேக் 1971 மாடல்லதான் சாதாரணமா வர ஆரம்பிச்சது. எங்க 69-ல நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். அதனால அதை மாத்தினோம். பின்பக்க வேலை முழுக்க நாமளே.

சில பேர் ஸ்பிரிங்கை அறுத்து வண்டியை இறக்குவாங்க, ஊர்லயும் பாத்திருப்பீங்க. சுருள் எண்ணிக்கை குறைஞ்சா ஸ்பிரிங் விறைப்பாயிரும். வண்டி இறங்கும், ஆனா முதுகு போயிரும். நாங்க அளவு பாத்து வேற ஸ்பிரிங்தான் போட்டோம்.

சட்டம் நம்பர் ரெண்டு: முதல்ல பெட்ரோல் டேங்க்கைக் கழட்டு. இந்த மாடல்ல டேங்க் எங்க இருக்கும்னு நினைக்கறீங்க? சீட்டுக்குப் பின்னாடி, கேபினுக்கு உள்ளயே! முதுகுக்குப் பின்னாடி பெட்ரோலை வச்சுக்கிட்டுத்தான் இருபது வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்கார் மனுஷன். காலி டேங்க்தானேன்னு அலட்சியமாக் கேட்டேன். "நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்தான் பயம்"னார். உள்ள நிக்கற ஆவிதான் வெடிக்குமாம். சின்ன வயசுல இதே பேச்சைக் கேட்டிருக்கேன். அப்பா பட்டறையில டேங்க்குக்கு வெல்டிங் வைக்கணும்னா தண்ணி நிரப்பிட்டுத்தான் பக்கத்துலயே போவாங்க.

இந்த டிரக்கோட பின் சஸ்பென்ஷன் ஒரு தனி அழகு. நம்ம லாரி மாதிரி கமான் பட்டை கிடையாது. ரெண்டு நீளமான இரும்புக் கை, ஆக்ஸிலை முன்னாடி இருந்து பிடிச்சிருக்கும், மேல சுருள் ஸ்பிரிங். இதே அமைப்பைத்தான் நாஸ்கார் கப் பந்தயக் கார்கள் 2021 வரைக்கும் வச்சிருந்தாங்க. ஆனா ஆக்ஸில் பக்கவாட்டுல ஓடிடாம இருக்க ஒரு குறுக்குக் கம்பி வேணும். ஒரு முனை சேஸிஸ்ல, இன்னொரு முனை ஆக்ஸில்ல. பேர் பன்ஹார்ட் ராடு.

இங்கதான் அய்யாவுக்கு நாலு வருஷப் படிப்பு திடீர்னு ஞாபகம் வந்துச்சு. வண்டியை இறக்கினா அந்தக் கம்பி சாயும். சாஞ்ச கம்பி ஒரு வட்டத்துல சுத்தும், ஆக்ஸிலை ஒரு பக்கமா இழுக்கும். உதாரணத்துக்கு 20 இஞ்ச் கம்பி, ஏற்கெனவே 4 இஞ்ச் சாஞ்சு நிக்குதுன்னு வச்சுக்குங்க. பள்ளத்துல விழுந்து ஆக்ஸில் இன்னும் 3 இஞ்ச் மேல வந்தா, பக்கவாட்டுல 22 மில்லிமீட்டர் நகரும். அதையே 36 இஞ்ச் கம்பியாக்கி, வண்டி நிக்கும்போது மட்டமா இருக்கற மாதிரி மாட்டினா வெறும் 3 மில்லிமீட்டர். பிதாகரஸ் தேற்றம்தான், வேற ஒண்ணுமில்லை. பேப்பர்ல போட்டுக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டு, "பரவாயில்லையே, கிட்"னார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

நான் கம்ப்யூட்டர்ல படம் வரையறேன்னு உக்காந்தா, அவர் காலையில சாப்பிட்ட சீரியல் டப்பாவைக் கத்தரிச்சு அட்டையில பிராக்கெட் செஞ்சுட்டார். அட்டையை மாட்டிப் பாத்து, இடிக்கற இடத்தை வெட்டி, திருப்பி மாட்டிப் பாத்து... அப்புறம் அதை 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுல வச்சுக் கோடு போட்டு அறுக்க வேண்டியதுதான். வெல்டிங் நான். வீட்டுச் சாதாரண பிளக்ல ஓடுற சின்ன மிக் மிஷின். யூடியூப் குருகுலத்துல ரெண்டு மாசப் பயிற்சி. கேபினோட துருப்பிடிச்ச தகட்டையெல்லாம் அதுலதான் ஒட்டினேன், நல்லாவே வந்தது. பிராக்கெட்டுக்கும் அதையே வச்சேன். நாணயத்தை அடுக்கி வச்ச மாதிரி வரிசையா அழகோ அழகு. போட்டோவெல்லாம் எடுத்துக்கிட்டேன்.

தப்பு ஒண்ணு பண்ணினேன். பிராக்கெட்டை நிறுத்தறதுக்கு அங்கங்க புள்ளி வைக்கறப்ப ஹெல்மெட் போடலை. ஒரு புள்ளிதானே, கண்ணை மூடிக்கிட்டா போச்சுன்னு ஒரு பத்துப் பதினஞ்சு தடவை. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் தெரியலை. ராத்திரி 1 மணிக்கு முழிப்பு வந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் ஒரு பிடி மணலைப் போட்டுத் தேய்ச்ச மாதிரி. திறக்கவும் முடியலை, மூடவும் முடியலை. தண்ணியா கொட்டுது.

அந்த இருட்டுலதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு. நான் ரெண்டாவதோ மூணாவதோ படிக்கையில, மாசத்துக்கு ஒரு ராத்திரியாச்சும் அப்பா ஈரத்துணியைக் கண்ணுல போட்டுக்கிட்டுத் திண்ணையில சாஞ்சிருப்பார். அம்மா வெள்ளரிக்காயை வில்லை வில்லையா நறுக்கி வச்சு விடுவாங்க. நான் கிட்ட போனா "அப்பாவுக்குக் கண்ணு வலி, நீ போய் படி சாமி"ம்பாங்க. நானும் போய்ப் படிச்சேன். கண்ணு வலின்னா என்னன்னு எனக்கு அப்பத் தெரியாது. இருவது வருஷம் கழிச்சு, எங்கயோ ஒரு ஊர்ல, பொழுதுபோக்குக்காகப் பண்ணின வேலையில தெரிஞ்சுக்கிட்டேன். அவர் இதோட மறுநாள் காலையில திரும்பப் பட்டறைக்குப் போயிருக்கார்.

காலையில டாக்டரைப் பாத்துச் சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தேன். ரெண்டு நாள்ல சரியாச்சு. அதுக்குள்ள வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்தேன். அப்பா ஒரு நொடி பாத்தார்.

"கண்ணாடியைக் கழட்டு."

கழட்டினேன்.

"எங்கடா வெல்டிங் வச்ச?"

சமாளிக்க வழியே இல்லை. எல்லாத்தையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "கை அழுக்காகாம சம்பாதிக்கட்டும்னுதான் கண்ணு உன்னைப் படிக்க வச்சேன்"னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அம்மா நடுவுல வந்து பேச்சை மாத்தினாங்க. நான் போனை வைக்கப் போற நேரத்துல அப்பாவே திரும்ப வந்து, "வெல்டிங் வச்சதைக் காட்டு"ன்னார்.

அந்த நாணய அடுக்கு போட்டோவைப் பெருமையா அனுப்பினேன். பெரிசு பண்ணிப் பாத்தார்.

"அழகா இருக்கு. ஆனா உக்காந்திருக்கு. இறங்கலை."

"புரியலீங்கப்பா."

"மெழுகு சொட்டின மாதிரி மேலயே நிக்குது பாரு. ஓரம் கரைஞ்சு தகட்டோட ஒண்ணாயிருக்கணும். இதே கனத்துல துண்டுத் தகடு ரெண்டை எடு. இதே மாதிரி ஒரு பக்கம் மட்டும் வச்சு, வைஸ்ல பிடிச்சுச் சுத்தியால அடி. நான் சொன்னா நம்பாத, அடிச்சுப் பாரு."

மறு சனிக்கிழமை அடிச்சுப் பாத்தேன். மூணாவது அடியில மொத்த வெல்டிங்கும் பல்லி வால் மாதிரி கழண்டு விழுந்துச்சு. அடித்தகடு பளபளன்னு, உருகின சுவடே இல்லாம. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. 100 கிலோமீட்டர் வேகத்துல ஒரு வளைவுல அந்த பிராக்கெட் கழண்டா, பின்னாடி ஆக்ஸிலே பக்கவாட்டுல ஓடும். பக்கத்து சீட்டுல அந்தப் பேத்தி இருக்கும். மிச்சிகன்ல வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கற வழக்கமெல்லாம் இல்லை. எந்த அதிகாரியும் அடியில குனிஞ்சு பாக்கப் போறதில்லை. நம்ம தொழில்ல தப்பா கோடு எழுதினா நாலு பேர் ரிவ்யூ பண்ணுவாங்க, மிஞ்சிப் போனா பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம். இதுல அதெல்லாம் கிடையாது.

பெரியவர்கிட்ட கழண்ட துண்டைக் காட்டினேன். "யார் கண்டுபிடிச்சது?"ன்னார்.

"எங்கப்பா. அவர் வெல்டர். லாரி பாடி கட்டுற பட்டறையில."

பத்து வருஷமா தொண்டையில நின்ன வாக்கியம், சொல்லி முடிக்க ரெண்டு நொடிதான் ஆச்சு. பெரியவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். "ஏன் இதை முதல்லயே சொல்லலை?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

அவர் மூலையில இருந்து ஒரு சிவப்புப் பெட்டியை இழுத்துட்டு வந்தார். லிங்கன் ஏசி-225. உருவத்தைப் பாத்து இங்க எல்லாரும் 'கல்லறைக் கல்'னு கூப்பிடற பழைய ராடு மிஷின். 240 வோல்ட். வீடியோ கால்ல அதைப் பாத்ததும் அப்பா முகம் மாறிச்சு. மிக் மிஷினை அவர் தொட்டதே இல்லை. இது அவரோட ஆயுதம்.

அதுக்கப்புறம் ஆறு சனிக்கிழமை. எனக்குக் காலை 9 மணின்னா ஊர்ல சாயங்காலம் 6:30. ஸ்டாண்டுல போன், இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் அப்பா. "பத்தாம் நம்பர் ராடு எடு"ம்பார் அப்பா. இங்க அதே ராடு எட்டில் ஒரு இஞ்ச். "120 ஆம்ப்"ம்பார் பெரியவர். நான் வெல்டிங் வைக்கறப்ப அப்பா படத்தைப் பாக்க மாட்டார், கண்ணை மூடிக்கிட்டுச் சத்தத்தை மட்டும் கேப்பார். "அப்பளம் பொரியற சத்தம் வரணும். இப்ப இழுக்குது, கிட்டக்க பிடி." அதை நான் மொழிபெயர்த்தா, பெரியவர் சிரிச்சுக்கிட்டே "நாங்க பன்றிக்கறி வறுபடற சத்தம்னு சொல்லுவோம்"னார். சமையல்தான் வேற, சத்தம் ஒண்ணுதான் போல.

சண்டையும் வந்துச்சு. வண்டியை இறக்கினா ஆக்ஸில் சேஸிஸ்ல இடிக்கும். அதனால ஆக்ஸிலுக்கு நேர் மேல சேஸிஸோட கீழ்ப்பக்கத்தை அரைவட்டமா அறுத்து, கனமான தகடு வச்சுப் பலப்படுத்தணும். இதைக் கேட்டதும் அப்பா கொதிச்சுட்டார். "சேஸிஸ்ல மேல் உதடு, கீழ் உதடு ரெண்டுலயும் துளைகூடப் போடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்துத்தான் எங்களை வேலைக்கே சேப்பாங்க. நீங்க அறுக்கறேங்கறீங்க!"

எனக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் ஞாபகம் வந்துச்சு. வளையற உத்தரத்துல நடுவுல அழுத்தம் பூஜ்யம், மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும்தான் உச்சம். பரிட்சைக்கு அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவன் நான். அந்தச் சூத்திரம் எதுக்குன்னு தெரிஞ்சவர், எட்டாவது வரைக்கும் படிச்சவர், போன்ல கத்திக்கிட்டிருக்கார்.

கடைசியில பெரியவரும் அப்பாவும் ஒரு முடிவுக்கு வந்தாங்க. தகடு அறுத்த இடத்தைத் தாண்டி ரெண்டு பக்கமும் நல்லா நீளணும். முனையை நேர்க்கோடா வெட்டாம சாய்வா வெட்டணும். நேரா வெட்டினா அந்தக் கோட்டுலயே சேஸிஸ் விரிசல் விடும். அரைவட்டத்தோட உள்பக்கம் புது உதடு வைக்கணும். அவசரப்பட்டு ஒரே மூச்சுல வைக்காம, இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு ஆறவிட்டு வைக்கணும். வைக்கற ஒவ்வொரு ராடுக்கும் முன்னாடி ஒரு துண்டுத் தகட்டுல வச்சு, அடிச்சு ஒடைச்சுப் பாக்கணும். கேரேஜ்ல ஒடைச்ச துண்டுகளே ஒரு பக்கெட் நிறைய சேந்துச்சு. கடைசித் துண்டு வெல்டிங்ல ஒடையலை, தகடுதான் மடங்கிச்சு. அப்பா "ம்"னார். அவ்வளவுதான். எங்கப்பாகிட்ட "ம்" வாங்கறது சாதாரண விஷயமில்லை, தெரிஞ்சுக்குங்க.

2025 ஆகஸ்ட் 16. பெரியவர் படியில தடுமாறாம, சீட்டுல சாதாரணமா உக்காந்தார். பக்கத்துல பேத்தி. நான் பின்னாடி என் காரைல. உட்வர்ட் பூரா பளபளன்னு லட்ச லட்சமா செலவு பண்ணின வண்டிங்க. எங்க டிரக்குக்கு இன்னும் பெயிண்ட்கூட அடிக்கலை, சாம்பல் கலர் பிரைமர்தான். பின்னாடி ஓட்டிட்டு வந்த எனக்கு வேற எந்த வண்டியும் கண்ணுல படலை. அந்தப் பின் சக்கரம் ரெண்டையும் மட்டுமே பாத்துக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு.

ஓரங்கட்டினதும் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஊர்ல ராத்திரி ஆயிருச்சு, தூங்காம உக்காந்திருந்தார். கூட்டம், வண்டி, கொடி எல்லாத்தையும் சுத்திக் காட்டினேன். பெரியவர் கையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார். அப்புறம் சொன்னார்:

"அதெல்லாம் இருக்கட்டும். அடியில படுத்து அந்த வெல்டிங்கைக் காட்டு. விரிசல் எதாச்சும் விட்டிருக்கான்னு பாக்கணும்."

புதுச் சட்டையோட நடுரோட்டு ஓரத்துல படுத்தேன். பாத்தார். "ம்."

ஒவ்வொரு 500 மைலுக்கும் இது நடக்குது. சரி மக்களே, நாளைக்குச் சனிக்கிழமை. காலையில 9 மணிக்கு இன்ஸ்பெக்டர் லைன்ல வருவார். வரட்டா?

பி.கு: வெல்டிங் வைக்கறவங்க, ஒரு புள்ளியா இருந்தாலும் ஹெல்மெட் போடுங்க. கண்ணு வலிச்சா வெள்ளரிக்காயோட நிறுத்திக்காம டாக்டரைப் பாருங்க. போன மாசம் அப்பாவுக்குத் தானா இருட்டாகற ஹெல்மெட் ஒண்ணு வாங்கி அனுப்பினேன். "இனிமே எனக்கெதுக்குடா"ன்னார். தினமும் துடைச்சு வைக்கறார்னு அம்மா சொன்னாங்க :-)